தூரிகைப் பயணங்கள் – 9: பெர்லினுக்குப் போகாத ஓவியம்

சென்ற வாரம் ஹட்சன் ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தோம். 1848 பிப்ரவரியில் ஓவியர் தாமஸ் கோல் காலமானார். கேட்ஸ்கில் மலையடிவாரத்தில் அவரிடம் இரண்டு ஆண்டுகள் தொழில் கற்ற ஃப்ரெடெரிக் எட்வின் சர்ச்சுக்கு அப்போது 21 வயது. ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளை. வயிற்றுப்பாட்டுக்காகப் படம் விற்க வேண்டிய நெருக்கடி இல்லை. கை நன்றாகப் பழகிவிட்டது. குரு காட்டிய குன்றுகளையும் அந்தி வானத்தையும் தீட்டிப் பெயரும் வாங்கிவிட்டார்.

அடுத்து என்ன?

அந்தக் காலத்து அமெரிக்க ஓவியர்களுக்கு இதற்கு ஒரே பதில்தான் தெரியும். ஐரோப்பா. ரோமாபுரியின் இடிபாடுகள், பழைய மேதைகளின் படங்கள். கோலே இரண்டு முறை போய்வந்தவர்.

சர்ச் தெற்கே கப்பல் ஏறினார். ஏறச் சொன்னவர், அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்காத ஒரு ஜெர்மானிய முதியவர்.

*

நான்கு பேர், ஒரு முகடு

இதற்கு அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

1802 ஜூன் 23. இன்றைய ஈக்வடாரில் இருக்கும் சிம்போராசோ மலை. உலகிலேயே உயரமான மலை அதுதான் என்று அறிஞர்கள் நம்பிய காலம். இமயத்தின் சிகரங்கள் அப்போது சரியாக அளக்கப்பட்டிருக்கவில்லை.

ஏறியவர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். வயது 32. கூடவே தாவர அறிஞர் எமே பொன்ப்லான், கீட்டோ நகரத்து இளைஞர் கார்லோஸ் மோண்டூஃபர், உள்ளூர்க்காரர் ஒருவர். சுமை தூக்கி வந்த மற்றவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள்.

சில இடங்களில் ஓரடி அகலம்கூட இல்லாத முகடு. இருபுறமும் சரிவு. கையையும் ஊன்றி ஏறினார்கள். ஈறுகளிலும் உதடுகளிலும் ரத்தம் கசிந்தது. தலை சுற்றியது. மூடுபனி எதிரே இருப்பதை மறைத்தது.

பனி விலகியபோது உச்சி தெரிந்தது. அதற்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பெரும் பிளவும் தெரிந்தது. தாண்ட வழியில்லை. காற்றழுத்தமானியை எடுத்துக் கணக்குப் போட்டார் ஹம்போல்ட். ஏறத்தாழ 5,880 மீட்டர். மலையேறியவர்களில் அத்தனை உயரத்தை எட்டியதாக அதற்கு முன் எவர் பெயரும் பதிவாகியிருக்கவில்லை.

உச்சியைத் தொடாமல் இறங்கியவர் வேறொன்றைக் கொண்டுவந்தார். அடிவாரத்தில் பனைவகைகள், மூங்கில். மேலே போகப் போகப் பெரணி மரங்கள், பிறகு குட்டைப் புதர்கள், புல்வெளி, பாறையில் ஒட்டிய கற்பாசி, கடைசியில் பனி. பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை நடந்தால் பார்க்கக்கூடியதை எல்லாம் ஒரே மலை செங்குத்தாக அடுக்கி வைத்திருந்தது. அந்த மலையை நெடுக்காக வெட்டியது போல ஒரு படம் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று பெயர்களை அதிலேயே எழுதி, 1807-ல் அச்சிட்டார். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தோடு பூவையும் பறவையையும் பொழுதையும் சேர்த்தே படித்த நமக்கு அந்தப் படம் சட்டென்று புரியும். ஐரோப்பிய அறிவியலுக்கு அது புதிய பார்வை.

*

அறிவியல் நூலுக்குள் ஓர் அழைப்பு

வயதான காலத்தில் ஹம்போல்ட் 'காஸ்மாஸ்' எழுதத் தொடங்கினார். பிரபஞ்சம் முழுவதையும் ஒரே நூலில் சொல்லிவிடும் முயற்சி. 1845-ல் முதல் பாகம். 1847-ல் இரண்டாம் பாகம்.

இரண்டாம் பாகத்தில்தான் எதிர்பாராத திருப்பம். மனிதனை இயற்கையின் பக்கம் இழுப்பவை எவை என்று கேட்டு மூன்றைச் சொல்கிறார்: இலக்கியம், நிலக்காட்சி ஓவியம், அயல்நாட்டுத் தாவர வளர்ப்பு. இலக்கியப் பகுதியில் காளிதாசரும் வருகிறார். இமயத்தைப் பார்க்க ஹம்போல்ட் பல ஆண்டுகள் ஏங்கியவர். கிழக்கிந்தியக் கம்பெனி கடைசிவரை அவருக்கு அனுமதி தரவில்லை.

ஓவியப் பகுதியில் அவர் நேராகவே பேசுகிறார். வெப்பமண்டல மலைகளின் ஈரப் பள்ளத்தாக்குகளுக்கு ஓவியர்கள் போக வேண்டும். கண்ணாடிக் கூரைக்குள் வளர்க்கும் செடியைப் பார்த்து வரைவது போதாது. மரத்தடியிலேயே உட்கார்ந்து அதன் தலை, தொங்கும் கிளை, அடிமரம், கீழே கிடக்கும் இலை என்று தனித்தனியாக வரைந்து சேர்க்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு அவற்றிலிருந்து முழுக் காட்சியை உருவாக்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடத்திலேயே நுணுக்கமாகப் பார். வீட்டில் உட்கார்ந்து முழுமையாகக் கட்டு. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த இரண்டு வேலைகளின் கதைதான்.

ருகெண்டாஸ் போன்ற சில ஐரோப்பிய ஓவியர்கள் ஹம்போல்ட் தந்த ஊக்கத்தில் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். ஆயினும் தான் கண்ட ஆண்டீஸ் முழுவதையும் ஒரே கித்தானில் நிறுத்தக்கூடிய கை இன்னும் வரவில்லை என்றே அவர் காத்திருந்தார்.

1840-களின் கடைசியில் நூல் ஆங்கிலத்தில் வந்தது. நியூயார்க்கில் அதை வாங்கிப் படித்தவர்களில் ஒருவர் சர்ச்.

*

ஆற்றோடு ஒரு பயணம்

1853 ஏப்ரல். சர்ச் கப்பல் ஏறினார். துணைக்கு வந்தவர் சைரஸ் ஃபீல்ட். காகித வியாபாரத்தில் நிறையச் சம்பாதித்த நியூயார்க் வணிகர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். ஒரு முக்கியமான கட்டத்தில் மறுபடி தேவைப்படும்.

இன்றைய கொலம்பியாவின் கரையில் இறங்கி, மக்டலேனா ஆற்றை எதிர்த்துத் தெற்கே போனார்கள். பிறகு கோவேறு கழுதைகளின் முதுகில் மலைப்பாதை. பொகோடா. டெக்கென்டாமா அருவி. அங்கிருந்து ஈக்வடார். கீட்டோவில் ஹம்போல்ட் தங்கிய வீட்டிலேயே தங்கினார்கள். ஹம்போல்ட் பார்த்த எரிமலைகளையே பார்த்தார்கள். கோட்டபாக்சி. சிம்போராசோ.

வழியெல்லாம் சர்ச் வரைந்தார். பென்சிலால் மலையின் வெளிக்கோடு; அதன்மேலேயே சின்ன எழுத்தில் நிறக்குறிப்புகள். இந்தச் சரிவு என்ன நிறம், இந்த மேகத்தின் அடிப்பகுதி என்ன நிறம், நிழல் எங்கே நீலமாக மாறுகிறது என்று. நேரம் கிடைத்தால் சிறு அட்டையில் எண்ணெய் வண்ணம்.

எண்ணெய் வண்ணத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மலையேறுவது அப்போதுதான் எளிதாகியிருந்தது. அதற்கு முன்பு வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். ஓட்டை போட்டுப் பிதுக்க வேண்டும், மறுபடி சரியாக மூட முடியாது, கிழியும், காயும். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தாலான வண்ணக்குழாயைக் கண்டுபிடித்தார். திருகு மூடி போட்ட குழாய். ஹம்போல்டின் நூலுக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தச் சின்னக் குழாய்க்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆசை எவ்வளவு இருந்தாலும், வண்ணம் மலைக்கு வரவில்லை என்றால் அந்த அட்டைகள் இல்லை.

அக்டோபரில் ஊர் திரும்பினார். 1855-ல் 'ஈக்வடாரின் ஆண்டீஸ்' உள்ளிட்ட முதல் தென்னமெரிக்க ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. பாராட்டு குவிந்தது. சர்ச்சுக்கு மட்டும் திருப்தி வரவில்லை.

*

மேகம் விலகும்வரை

1857 மே. சர்ச் தீட்டிய 'நயாகரா' நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அருவியின் விளிம்பில், கால் வைக்கத் தரையே இல்லாத இடத்தில் பார்ப்பவரை நிறுத்திவிடும் ஓவியம். கூட்டம் அலைமோதியது. ஊரே அவர் பெயரைச் சொன்னது.

அந்த மாதத்திலேயே அவர் மறுபடி ஈக்வடாருக்குக் கிளம்பினார். இம்முறை லூயி மின்யோ என்ற ஓவியர் துணை. முதல் பயணம் பரந்து அலைந்த பயணம். இரண்டாவதில் அவருக்கு என்ன தேவை என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. குவயாகில் துறைமுகத்தில் இறங்கி நேரே சிம்போராசோவை நோக்கிப் போனார்.

ஆண்டீஸில் ஓவியனின் பெரிய எதிரி மேகம். மலை அங்கேயே இருக்கும். மேகம் அதைக் காட்டாது. விலகும் சில நிமிடங்களில் கை பாய வேண்டும்.

ஜூலையில் சங்காய் எரிமலையைத் தேடிப் போனபோது அதுதான் நடந்தது. தொடர்ந்து குமுறிக்கொண்டே இருக்கும் எரிமலை அது. புல்லும் சேறும் நிறைந்த குளிர்ந்த மலைவெளி. எங்கு திரும்பினாலும் பனிமூட்டம். முகடு ஏறி உட்கார்ந்தார் சர்ச். சட்டென்று திரை விலகியது. எதிரே பனி மூடிய சிகரங்கள், நடுவே கரும்புகை. ஒரு கோடு போடுவதற்குள் புகையின் வடிவம் மாறியது. இன்னொரு கோடு; மறுபடி மாற்றம். மாலை வெயில் புகையின் மேல் பட்டு நிறங்கள் மாறி மாறி எரிய, தாளில் குறித்துக்கொண்டே இருந்தார், வெளிச்சம் போகும்வரை.

இந்த மாதிரி நேரங்களில் கிறுக்கிய தாள்கள்தாம் அவருடைய உண்மையான சொத்து. அவருடைய கோட்டோவியங்களிலும் வண்ண ஆய்வுகளிலும் 2,000-க்கும் மேல் இன்று நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

*

இல்லாத ஓர் இடம்

மேற்கு பத்தாவது தெருவில் ஓவியர்களுக்கென்றே கட்டிய புதிய கட்டடத்தில் சர்ச் ஓர் அறை எடுத்தார். ஓராண்டுக்கும் மேலான உழைப்பு. 168 சென்டிமீட்டர் உயரம், 303 சென்டிமீட்டர் அகலம். பெயர், 'ஆண்டீஸின் இதயம்'.

இடப்பக்கம் வெகுதூரத்தில் சிம்போராசோவின் பனி. அதற்கு இந்தப் பக்கம் பழுப்பு மலைத்தொடர். கீழே சமவெளி, ஆறு, ஆற்றோரம் சிறு ஊரும் தேவாலயமும். ஆறு அருவியாக விழுகிறது. முன்னால் ஈரக்காடு: பெரணி, கொடி, மலர், அடிமரத்தில் பாசி. இலை இலையாகத் தீட்டியிருக்கிறார். வெயில் விழும் ஒரு மரப்பட்டையில் செதுக்கியது போலத் தன் பெயரையும் 1859 என்ற ஆண்டையும் எழுதியிருக்கிறார்.

இந்த இடம் ஈக்வடாரில் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. எந்தப் பாறையில் ஏறி நின்றாலும் இத்தனையும் ஒருசேரக் கண்ணில் படாது. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு உயரங்களில் வரைந்த தாள்களை ஒரே வெளிச்சத்துக்குள் கொண்டுவந்து இணைத்திருக்கிறார். அடியில் வெப்பக்காடு, உச்சியில் பனி, இடையில் ஒவ்வோர் அடுக்கும் அதனதன் இடத்தில். ஹம்போல்ட் 1807-ல் அச்சிட்ட அந்த மலைப்படம் இங்கே உயிரோடு நிற்கிறது.

அப்படியானால் இது பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வோர் இலையும் நேரில் பார்த்த இலை. ஒவ்வொரு சரிவின் நிழலும் தாளில் குறித்துவந்த நிழல். ஒரு புகைப்படக் கருவி ஒரே இடத்தில் நின்று தர முடியாத உண்மையை, நடந்து அலைந்த ஒருவர் தன் நினைவில் சேர்த்துத் தருகிறார். பயணம் ஓவியத்துக்குக் கொடுக்கும் பெரிய கொடை இதுதான் என்பேன்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. படத்தில் மனிதர்கள் மிகச் சிறியவர்கள். இடப்பக்கப் பாதையோரத்தில் ஒரு சிலுவை. அதன் முன் இரண்டு உருவங்கள், பிரார்த்தனையில். கழுதைகளை ஓட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், வழிகாட்டியவர்கள் ஒருவரும் இல்லை. சர்ச் இரண்டாம் முறை போன அந்த 1857-ல்தான் ஈக்வடார் அரசு பழங்குடி மக்கள்மீது விதித்திருந்த தலைவரியை நீக்கியது. ஸ்பானிய ஆட்சி போன பின்னும் பல பத்தாண்டுகள் அவர்கள் கட்டிவந்த வரி. ஓவியரின் கண் ஒவ்வொரு பெரணியையும் பார்த்தது. அந்த வரி கட்டிய முதுகுகளைப் பார்க்கவில்லை.

*

25 சென்ட்

1859 ஏப்ரல் 27. நியூயார்க்கில் ஓவியம் திரைவிலகியது. இரண்டு நாளில் பத்தாவது தெருக் கட்டடத்துக்கே மாற்றினார்கள்.

ஒரே ஓவியம், ஒரு தனி அறை. சுற்றிலும் இருட்டு. ஜன்னல் போலப் பெரிய மரச்சட்டம், இருபுறமும் திரைச்சீலை. எட்டிப் பார்த்தால் அந்தப்பக்கம் ஆண்டீஸ். பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள் நாடகக் கண்ணாடிகளைக் கண்ணில் வைத்து, பாதையில் நடப்பது போல ஓவியத்துக்குள் மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கொடுப்பது போல விளக்கச் சிறுநூல்களும் கிடைத்தன.

நுழைவுக் கட்டணம் 25 சென்ட். மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கடைசி நாளில் தெருவில் நீண்ட வரிசை. வில்லியம் பிளாட்ஜெட் என்ற செல்வந்தர் 10,000 டாலருக்கு ஓவியத்தை வாங்கினார். உயிரோடு இருக்கும் அமெரிக்க ஓவியர் எவரின் படத்துக்கும் அதுவரை யாரும் அத்தனை விலை கொடுத்ததில்லை.

ஆனால் சர்ச்சின் மனம் வேறொருவரின் கருத்துக்காகக் காத்திருந்தது.

*

மூன்று நாள்

மே 9. சர்ச் ஒரு கடிதம் எழுதினார், பேயார்ட் டெய்லருக்கு. டெய்லர் ஊர் சுற்றிய எழுத்தாளர். பெர்லினில் ஹம்போல்டை நேரில் சந்தித்தவர். 'ஆண்டீஸின் இதயம்' ஓவியத்தைப் பெர்லினுக்கு அனுப்பப் போகிறேன் என்றார் சர்ச். 60 ஆண்டுகளுக்கு முன் தன் கண்ணை மகிழ்வித்த நிலத்தை அந்தப் பெரியவர் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

ஹம்போல்டுக்கு வயது 89. தான் நூலில் கேட்ட ஓவியம் வந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே மனிதர்.

கடிதம் எழுதிய அன்று அவர் உயிரோடு இல்லை. மே 6 அன்று பெர்லினில் இறந்துவிட்டார். மூன்று நாட்களுக்கு முன்பே.

சர்ச்சுக்கு அது தெரியாது. செய்தி கப்பலில்தான் வர வேண்டும்.

இங்கேதான் சைரஸ் ஃபீல்ட் மறுபடி வருகிறார். சர்ச்சோடு மக்டலேனா ஆற்றில் போன அதே மனிதர்தான் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போடும் திட்டத்தைத் தூக்கிச் சுமந்தவர். 1858 ஆகஸ்டில் கம்பி வேலை செய்தது. விக்டோரியா மகாராணியின் வாழ்த்து அமெரிக்க அதிபருக்கு வந்து சேர்ந்தது. சில வாரங்களிலேயே கம்பி செத்துப்போனது. அது மட்டும் உயிரோடு இருந்திருந்தால் பெர்லின் செய்தி மறுநாளே நியூயார்க்கை எட்டியிருக்கும். அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்காது.

ஓவியம் கடல் தாண்டியது. அந்தக் கோடையில் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பெர்லினுக்குப் போகவில்லை. இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

*

அதே ஆண்டு, நவம்பர்

1859 நவம்பர் 24. லண்டனில் ஒரு புத்தகம் வெளியானது. சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்'.

டார்வினும் ஹம்போல்டின் வாசகர்தான். ஹம்போல்டின் பயண நூல்களைப் படித்துக் கனவு கண்டவர். பீகிள் கப்பலில் கையோடு கொண்டுபோனவர். அவரும் தென்னமெரிக்கக் காட்டுக்குள் நடந்தார். ஒரே ஆசானின் எழுத்து இரண்டு பேரை ஒரே கண்டத்துக்கு அனுப்பியிருக்கிறது.

இருவரும் கண்டது வேறு. பனியும் காடும் அருவியும் ஒன்றுக்கொன்று இசைந்து, மேலிருந்து ஓர் ஒழுங்கு எல்லாவற்றையும் தாங்கி நிற்பதை சர்ச் தீட்டினார். அந்தக் காட்டில் ஒவ்வொரு செடியும் பக்கத்துச் செடியோடு இடத்துக்காகப் போராடுகிறது என்றார் டார்வின்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது.

கோட்டபாக்சி எரிமலையை சர்ச் 1855-ல் தீட்டியபோது அதன் உச்சியில் மெல்லிய புகை, அடியில் அமைதியான பசுமை. 1862-ல் அதே மலையை மறுபடி எடுத்தார். அந்தப் படத்தில் மலை வெடிக்கிறது. சாம்பல் வானத்தை மூடுகிறது. சூரியன் சிவந்து எரிகிறது.

1857-க்குப் பிறகு அவர் ஈக்வடாருக்குப் போகவே இல்லை. கையில் இருந்தவை பழைய தாள்கள்தாம். அப்படியானால் அந்த மலையை வெடிக்க வைத்தது எது? நாட்டில் மூண்ட போரா, லண்டனிலிருந்து வந்த அந்தப் புத்தகமா, தீர்ப்புச் சொல்ல இருந்தவர் போய்விட்ட வெறுமையா?

(தொடரும்)